எருமைக்குக் கடன் கிடைத்தது, பாலை வாங்கத்தான் ஆளில்லை: நாட்டளவிலான சமூகப் பகுப்பாய்வைத் திட்டத்துக்குள் கொண்டுவருவது எப்படி

நேபாளத்தின் நடுமலைப் பகுதியில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுகடன் திட்டம் ஒன்று வருகிறது. காமி சாதிப் பெண் ஒருவர், கொல்லர் குடும்பம், தலித், குழுவில் சேர்ந்து கடன் எடுத்து எருமை வாங்குகிறார். நல்ல எருமைதான், பாலும் கறக்கிறது. ஆனால் சேகரிப்பு நிலையத்தில் அவர் வீட்டுப் பாலை மற்ற பாலோடு ஊற்ற விடமாட்டேன் என்கிறார்கள், டீக்கடைக்காரரும் வாங்குவதில்லை. தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. திட்டத்தின் கணக்கில் அவர் 'கடன் பெற்ற தலித் பெண்' என்ற கட்டத்தில் ஒரு எண், அதாவது வெற்றி.

ஊர் என் கற்பனை, நிலைமை கற்பனை இல்லை. தலித் வீட்டுப் பாலை வாங்க மறுப்பது நேபாளத்தில் பல மாவட்டங்களில் பதிவான விஷயம். திட்டம் எழுதியவர்களுக்கு எருமை விலை தெரியும், வட்டி விகிதம் தெரியும், பாலுக்கு யார் தீட்டு பார்ப்பார்கள் என்பது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அது தங்கள் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். இந்த இடைவெளியை அடைக்கத்தான் சமூகப் பகுப்பாய்வு. புதிதாக ஒரு தொண்டு நிறுவனத்திலோ அரசுத் திட்டப் பிரிவிலோ சேர்ந்து, கையில் இருநூறு பக்க அறிக்கையைக் கொடுத்து "இதிலிருந்து ரெண்டு பக்கம் எழுதிக் கொடு" என்று சொல்லப்பட்டு முழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி முழித்தவன்தான்.

நாட்டளவிலான சமூகப் பகுப்பாய்வு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்தக் குழுவிடம் என்ன சொத்து, யார் பேச்சு எடுபடுகிறது, எழுதிய சட்டமும் எழுதாத வழக்கமும் யாருக்குக் கதவைத் திறக்கின்றன, யாருக்கு மூடுகின்றன என்று முழு நாட்டையும் வைத்துப் பார்ப்பது. ஒரு அணைக்கோ சாலைக்கோ செய்யும் சமூகத் தாக்க மதிப்பீடு வேறு. அது ஒரு திட்டத்தின் சுற்றுப்புறத்தோடு நின்றுவிடும், இது எல்லாத் திட்டங்களுக்கும் அடியில் இருக்கும் மண்ணைப் பார்ப்பது. உலக வங்கி 2000களின் தொடக்கத்திலிருந்து இந்தப் பெயரில் பல நாடுகளில் செய்தது. நேபாளத்தில் உலக வங்கியும் பிரிட்டன் அரசின் அப்போதைய வளர்ச்சி உதவித் துறையான டிஎஃப்ஐடியும் சேர்ந்து, தேசியத் திட்ட ஆணையத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு செய்த பாலின, சாதி, இன ஒதுக்கல் ஆய்வு 2006இல் வெளிவந்தது. கீழே வருவதற்கெல்லாம் நேபாளத்தையே எடுத்துக்கொள்கிறேன், காரணம் அங்கே இந்த மாதிரி ஆய்வுகள் காகிதத்தோடு நிற்காமல் இடஒதுக்கீடு, உதவித்தொகை, உள்ளாட்சி வரை போயின. எங்கே தடுமாறின என்பதும் அங்கே நன்றாகத் தெரிகிறது.

1. அறிக்கையைத் திறக்கும் முன் முடிவை எழுதிக்கொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போவார்கள், நாற்பதாவது பக்கத்தில் தூக்கம் வரும், கடைசியில் "தலித்துகள், பெண்கள், பழங்குடியினர் பின்தங்கியுள்ளனர்" என்று ஒரு பத்தி எழுதித் திட்ட ஆவணத்தின் 'பின்னணி' அத்தியாயத்தில் ஒட்டிவிடுவார்கள். அந்தப் பத்தியால் ஒரு ரூபாய்கூட இடம் மாறாது. அதனால் முதலில் உங்கள் அலுவலகம் அடுத்த ஆறு மாதத்தில் எடுக்கப்போகிற முடிவு என்ன என்று ஒரு வரியில் எழுதுங்கள். எந்த மாவட்டம், யாருக்குத் தகுதி, எவ்வளவு தொகை, யார் பட்டியல் தயாரிப்பது, பணம் எந்த வழியாகப் போகும். இவற்றில் எதை மாற்ற உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று மேலாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். எல்லாம் முடிவாகிவிட்டது என்றால் பரவாயில்லை, கண்காணிப்பு அட்டவணையிலாவது கைவைக்கலாம்.

2. மூன்று கேள்விகளோடு படியுங்கள்

நேபாள ஆய்வு ஒதுக்கலை மூன்று தளங்களில் பார்த்தது, அது எனக்கு இன்றுவரை உதவுகிறது. சொத்தும் சேவையும் கிடைக்கிறதா, பேச்சுக்கு எடை இருக்கிறதா, விளையாட்டின் விதிகள், அதாவது சட்டமும் வழக்கமும், யார் பக்கம். வளர்ச்சித் திட்டங்கள் முதலாவதில் கொட்டிக் குவிக்கும், இரண்டாவதுக்கு ஒரு குழு அமைக்கும், மூன்றாவதைத் தொடாது. எருமைக் கதையில் கடன் முதல் தளம், மகளிர் குழு இரண்டாம் தளம், பாலுக்குத் தீட்டு மூன்றாம் தளம். மூன்றாவதைத் தொடாததால் முதலிரண்டும் வீணாயின.

விதி என்று சொல்லும்போது வரலாறும் வந்துவிடும். 1854இல், நாட்டை ஆண்ட பிரதமர் ஜங் பகதூர் ராணா காலத்து முலுகி ஐன் என்ற சட்டத் தொகுப்பு, நேபாளத்தின் எல்லா மக்களையும், இந்துக்கள் அல்லாத மலைப் பழங்குடிகளையும் சேர்த்து, ஒரே சாதி ஏணியில் ஏற்றியது. மேலே பூணூல் அணிவோர், நடுவில் மது அருந்துவோர், அதிலும் அடிமையாக்கக் கூடாதவர் தனி, அடிமையாக்கத் தக்கவர் தனி, கீழே தண்ணீர் வாங்கக் கூடாதவர், அவர்களுக்கும் கீழே தொடக் கூடாதவர். ஒரே குற்றத்துக்குச் சாதிக்கு ஒரு தண்டனை. 1963இல் புதிய சட்டம் வந்து இதற்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது, ஆனாலும் தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வர 2011 ஆயிற்று. நூறு வருடத்துக்கு மேல் சட்டமாக இருந்தது வழக்கமாக மிஞ்சி நிற்பதில் வியப்பில்லை. நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டாம்.

காட்டையும் பாருங்கள். 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு நேபாளத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சமூக வனக் குழுக்கள் உருவாயின, காடு திரும்ப வளர்ந்தது, உலகமே பாராட்டியது. ஆனால் பல குழுக்கள் காட்டைக் காப்பதற்காகக் கரி சுடுவதைத் தடை செய்தன. யாருக்கு நஷ்டம்? உலைக்குக் கரி வேண்டியிருந்த காமிகளுக்கு. விதி எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதப்பட்டது, அடி ஒரு சாதியின் தொழில் மேல் விழுந்தது. விதி எழுதிய கூட்டத்தில் காமிகள் பெரும்பாலும் இல்லை, இருந்த இடங்களிலும் பேசவில்லை. இந்த மாதிரி வரிகள்தான் நீங்கள் அறிக்கையில் தேட வேண்டியவை: பொதுவாகத் தெரியும் விதி, ஒருவர் மேல் மட்டும் விழும் அடி.

3. சராசரியை உடையுங்கள், அப்புறம் உடைத்ததையும் உடையுங்கள்

1995/96இலிருந்து 2003/04க்குள் நேபாளத்தின் வறுமை 42 சதவீதத்திலிருந்து 31ஆக இறங்கியது. நடுவில் மாவோயிஸ்டுகளின் உள்நாட்டுப் போர், இருந்தும் இறங்கியது, வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் அனுப்பிய பணம் ஒரு பெரிய காரணம். நல்ல செய்திதான். ஆனால் சாதி வாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. பாகுன், செத்ரி எனும் மேல்சாதியினரிடம் வறுமை கிட்டத்தட்டப் பாதியாகி 18 சதவீத அளவுக்கு வந்தது. முஸ்லிம்களிடம் 44இலிருந்து 41தான். தலித்துகள் சுமார் 46, மலைவாழ் ஜனஜாதிகள், அதாவது சொந்த மொழியும் மரபும் உள்ள இனக் குழுக்கள், 44. அதே நாடு, அதே எட்டு வருடம்.

இதைப் பார்த்ததும் "அப்போ தலித்துகளுக்கு ஒரு திட்டம்" என்று ஓடாதீர்கள். தலித் என்பதற்குள்ளும் மலை தலித் வேறு, தெற்கே இந்திய எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளியின் மதேசி தலித் வேறு. முசகர், டோம் போன்ற மதேசி தலித் சமூகங்கள் எழுத்தறிவில் மலை தலித்துகளுக்கு வெகு கீழே இருக்கின்றன, பலருக்குக் குடிசை போட்டிருக்கும் மண்கூடச் சொந்தமில்லை. ஜனஜாதிக்குள்ளும் அப்படியே. காட்மாண்டு நேவார்களின் வறுமை நாட்டுச் சராசரியில் பாதிக்கும் கீழே. நேவாரையும், மலையில் வாழும் மிக ஏழைப் பழங்குடியான சேபாங்கையும் ஒரே பெட்டியில் போட்டு ஒதுக்கீடு கொடுத்தால் பெட்டியின் மேல் அடுக்கில் இருப்பவர் எடுத்துக்கொள்வார், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை, பெட்டி செய்தவர் தப்பு.

'பெண் தலைமை தாங்கும் குடும்பம்' என்பதும் இப்படி ஒரு பெட்டிதான். 2011 கணக்கெடுப்பில் நான்கில் ஒரு வீட்டில் யாரோ ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், பெண் தலைமையில் இருந்ததும் ஏறத்தாழ நான்கில் ஒரு வீடு. கணவர் கத்தாரிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் வீடும், போரில் கணவரை இழந்த பெண்ணின் வீடும் இதில் ஒன்றுதான். இரண்டுக்கும் பிரச்சினை உண்டு, ஆனால் ஒரே பிரச்சினை இல்லை.

தரவு எங்கே கிடைக்கும்? நேபாளக் கணக்கெடுப்பு 1991இலிருந்து சாதி, இன விவரத்தைத் தருகிறது. 2001இல் 100 குழுக்கள், 2011இல் 125, 2021இல் 142. எண்ணிக்கை கூடுவதற்குப் புது மக்கள் வந்தது காரணம் இல்லை, தங்களைத் தனியாக எழுதச் சொல்லிப் பலர் கேட்டதுதான். பட்டியலே ஒரு அரசியல், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாழ்க்கைத் தர ஆய்விலும் மக்கள்தொகை நலவாழ்வு ஆய்விலும் சாதிக் குறியீடு இருக்கிறது, மூலத் தரவு கிடைத்தால் ஒரு புள்ளியியல் தெரிந்த நண்பரைப் பிடித்து நீங்களே பிரிக்கலாம். ஆனால் மிகச் சிறிய குழுவுக்கு மாதிரியில் முப்பது வீடுதான் வந்திருக்கும், அதை வைத்துச் சதவீதம் போட்டுவிட்டு யாராவது கேள்வி கேட்டால் நிற்க முடியாது.

4. படிவத்தைக் கையில் எடுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் முக்கியமானது இதுதான். நாட்டளவில் நீங்கள் படித்த அத்தனை ஒதுக்கலும் கடைசியில் ஒரு விண்ணப்பப் படிவத்தின் 'இணைக்க வேண்டிய ஆவணங்கள்' என்ற பகுதியில் வந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் திட்டத்தின் படிவத்தை அச்சிட்டு மேசையில் வையுங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: இது யாரிடம் இருக்காது, ஏன்?

நேபாளத்தில் முதல் ஆவணம் நாகரிக்தா, குடியுரிமைச் சான்று. வெகுகாலம் தந்தை வழியாகத்தான் அது கிடைத்தது. தந்தையோ கணவரோ கையெழுத்துப் போட மறுத்தால் பெண்ணுக்கு வழியில்லை. தராயில் பல மதேசிகளுக்குத் தலைமுறையாக இல்லை. 2006 சட்டத்துக்குப் பிறகு, 2007இல் ஊர் ஊராகப் போய்க் கிட்டத்தட்ட 26 லட்சம் பேருக்குச் சான்று கொடுத்தார்கள். விடுபட்டிருந்தவர் எவ்வளவு பேர் என்று இதிலிருந்தே புரியும். அதற்கு முந்தைய வருடம் வரை 'நாகரிக்தா நகல் இணைக்க' என்று ஒரு வரி எழுதிய ஒவ்வொரு திட்டமும் அத்தனை பேரையும் கணக்கிலேயே எடுக்காமல் தள்ளியிருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, எல்லாப் படிவத்திலும் இருக்கிறதே என்று இதிலும் போட்டார்கள்.

இரண்டாவது லால்புர்ஜா, நிலப் பட்டா. 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள், வீடுகள் லட்சக்கணக்கில் இடிந்தன. வீடு கட்ட 3 லட்சம் நேபாள ரூபாய் மூன்று தவணையாகக் கொடுத்தார்கள், 50,000, அப்புறம் 1,50,000, அப்புறம் 1,00,000. அதற்கு நில உரிமைச் சான்று வேண்டும் என்றபோது, பிறர் நிலத்திலும் அரசு நிலத்திலும் தலைமுறையாக இருந்தவர்கள், குத்தகைக்காரர்கள், பெரியப்பா பெயரில் பட்டா இருந்த வீட்டில் பாகம் பிரியாமல் வாழ்ந்தவர்கள் எல்லாரும் வரிசைக்கு வெளியே நின்றார்கள். பின்னால் விதியைத் தளர்த்தினார்கள், ஆனால் நடுவில் மழைக்காலமும் குளிர்காலமும் தகரக் கொட்டகையில் போயின. நிலமில்லாதவர் யார், எந்தச் சாதி, எந்தப் பகுதி என்பது நாட்டளவு ஆய்வில் பூகம்பத்துக்குப் பத்து வருடம் முன்பே இருந்த செய்தி.

நல்ல பக்கமும் உண்டு. 2009/10 பட்ஜெட்டில் வந்த குழந்தை உதவித்தொகை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 200 ரூபாய், வீட்டுக்கு இரண்டு குழந்தை வரை. யாருக்கு என்று முடிவு செய்ததில் சமூகப் பகுப்பாய்வின் கை நன்றாகத் தெரிகிறது: வடமேற்கு மலைப் பகுதியான கர்ணாலி அஞ்சலத்தில் (மண்டலத்தில்) எல்லாருக்கும், நாட்டின் மற்ற இடங்களில் ஏழை தலித் குடும்பங்களுக்கு. பிறப்புச் சான்று கட்டாயம் என்றார்கள். அதனால் பிறப்புப் பதிவு கூடியது, உண்மையிலேயே நல்லது. அதே நேரம் பெற்றோருக்கு நாகரிக்தா இல்லாத வீட்டில் குழந்தைக்குப் பிறப்புச் சான்று வாங்க முடியவில்லை, உதவி மிக அவசியமாக இருந்ததும் அந்த வீட்டுக்குத்தான். ஒரு ஆவணம் கதவாகவும் பூட்டாகவும் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள்.

படிவத்தோடு ஒரு சின்னப் பயிற்சி. ஒரு ஆளைக் கற்பனை செய்யுங்கள்: சப்தரி மாவட்டத்து முசகர் பெண், வயது 24, இரண்டு குழந்தை, மைதிலி மட்டும் பேசுவார், கணவர் பஞ்சாபில் அறுவடைக்குப் போயிருக்கிறார். அறிவிப்பை யார் அவருக்குச் சொல்வார், எந்த மொழியில், வார்டு அலுவலகம் எவ்வளவு தூரம், அங்கே உட்கார்ந்திருப்பவர் எந்தச் சாதி, ஒரு நாள் கூலி போனால் ராத்திரி என்ன சாப்பாடு, பணம் வங்கிக் கணக்கில் வந்தால் கணக்கு யார் பெயரில். பத்து நிமிட வேலை. இருபது பக்க அத்தியாயம் சொல்லாததை இது சொல்லிவிடும்.

5. வரைபடத்தையும் வையுங்கள்

2015 அரசியலமைப்புக்குப் பிறகு நேபாளத்தில் 753 உள்ளாட்சிகள், அவற்றுக்குள் 6,743 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் ஐந்து பேர், அதில் ஒரு இடம் தலித் பெண்ணுக்கு என்று சட்டம். உலகத்தில் வேறு எங்கும் இவ்வளவு துணிச்சலான ஒரு விதியை நான் பார்த்ததில்லை. 2017 தேர்தலில் ஆறாயிரத்துக்கும் அதிகமான தலித் பெண்கள் வார்டு உறுப்பினர் ஆனார்கள். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட வார்டுகளில் அந்த இடத்துக்கு வேட்பாளரே இல்லை, உதாரணமாக வடக்கு மலைப் பகுதிகளில் தலித் குடும்பமே இல்லாத வார்டுகள் உண்டு. நாட்டளவில் சரியான விடை, வார்டளவில் பொருந்தாமல் போகலாம். இதற்காக விதியைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் திட்டத்தில் 'ஒவ்வொரு குழுவிலும் கட்டாயம்' என்று எழுதும் முன் கணக்கெடுப்பின் உள்ளாட்சி அட்டவணையை ஒருமுறை திறந்து பாருங்கள்.

6. போய்ச் சரிபாருங்கள், கூட்டம் போடாமல்

குழுக் கலந்துரையாடல் என்று ஊர் நடுவில் நாற்காலி போட்டால் நாற்காலிக்குத் தகுதியானவர்தான் பேசுவார். காலையில் குழாயடிக்குப் போங்கள், யார் முதலில் பிடிக்கிறார், யார் தள்ளி நிற்கிறார் என்று பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் யார் என்பதும் முக்கியம். ஒருமுறை என்னோடு வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு தலித் வீட்டு வாசலில் தண்ணீர் கொடுத்தபோது வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பதில்களை நான் பயன்படுத்தவில்லை.

7. யார் கோபப்படுவார்கள் என்று முன்பே எழுதுங்கள்

2007இல் குடிமைப் பணியில் 45 சதவீத இடங்களை ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கீட்டை நூறாக வைத்தால் பெண்களுக்கு 33, ஜனஜாதிக்கு 27, மதேசிக்கு 22, தலித்துகளுக்கு 9, மாற்றுத்திறனாளிகளுக்கு 5, பின்தங்கிய பகுதிக்கு 4. இந்த எண்கள் ஏதோ அறிக்கையின் பரிந்துரையிலிருந்து அப்படியே வந்துவிடவில்லை. பத்து வருடப் போர், மன்னராட்சிக்கு எதிரான 2006இன் மக்கள் இயக்கம், அடுத்த ஜனவரியில் தராய் மக்களின் மதேசப் போராட்டம், இவை திறந்த கதவு அது. ஆய்வு அந்த நேரத்தில் கையில் எண்களோடு தயாராக இருந்தது, அவ்வளவுதான் அதன் பங்கு, அது சின்னப் பங்கும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் இழப்பவர் யார், அவர் எங்கே உட்கார்ந்து எதைத் தடுக்க முடியும் என்று ஒரு வரி. அதை வெளியே போகும் அறிக்கையில் போட வேண்டாம், மேலாளருக்குத் தனியாகக் கொடுங்கள்.

கண்காணிப்பு அட்டவணையில் செய்ய வேண்டியது மிகச் சுருக்கம். 'கடன் பெற்றவர்' என்ற நெடுவரிசைக்குப் பக்கத்தில் 'பால் விற்றவர், லிட்டர், எங்கே' என்று இன்னும் மூன்று நெடுவரிசை, அதுவும் சாதி, பாலினம் வாரியாக. முதல் காலாண்டிலேயே தெரிந்துவிடும்.

8. இரண்டு பக்கம், சரியான மாதத்தில்

கடைசியாக அந்த இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் முடிவும், இப்போதுள்ள விதியும், அதனால் விடுபடுபவர் யார், சுமார் எத்தனை பேர் என்பதும். இரண்டாம் பக்கத்தில் மாற்றிய விதி, கூடுதல் செலவு, யார் உத்தரவு போட வேண்டும். வரலாறு வேண்டுமானால் பின்னிணைப்பில். 'உள்ளடக்கிய', 'முழுமையான', 'அதிகாரமளித்தல்' போன்ற சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி, அத்தனையையும் எடுத்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள், அர்த்தம் குறையாது.

அப்புறம் தேதி. நேபாள நிதியாண்டு அவர்களுடைய சாவன் முதல் தேதி தொடங்குகிறது, நம் ஆடி முதல் தேதியை ஒட்டி வரும். மத்திய பட்ஜெட்டை ஜேட்ட மாதம் 15ஆம் தேதி வைக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது, கிட்டத்தட்ட நம் வைகாசிப் பாதி. உள்ளாட்சிகள் அசார் 10க்குள், ஆனி பிறந்து பத்து நாள். நம் சித்திரை ஒன்றும் அவர்கள் புத்தாண்டும் ஏறக்குறைய ஒரே நாள் என்பதால் நமக்கு இதை நினைவில் வைப்பது எளிது. அமைச்சகம் திட்ட வரம்புகளை அதற்குச் சில மாதம் முன்பே, மாசி பங்குனியில், முடிவு செய்துவிடும். ஒரு தடவை நாங்கள் அருமையான ஒரு குறிப்பைச் சித்திரை கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிகாரி டீ கொடுத்தார், பொறுமையாகப் படித்தார், நன்றாக இருக்கிறது என்றார், அடுத்த வருடத்துக்கான கோப்பில் வைத்துவிட்டார். அடுத்த வருடம் அவர் அந்த நாற்காலியில் இல்லை.